அப்பாவுக்கு வைத்த சாராயம்

செத்துப்போன தகப்பனுக்குப் படைத்த சாராயத்தைத் திருடிக் குடித்தவள் நான். (எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியையும் நானே.)

அப்பா நல்ல வெள்ளை. வயலால் வரும் வழியில் குடித்தாரென்றால் முகம் காது வரை சிவந்திருக்கும். எங்கள் ஊரான தண்ணீரூற்றுச் சனம் முழுக்க அதைப் பார்க்கும். "ஒரு மிடறுதான்" என்பார். அம்மா ஒருநாளும் நம்பியதில்லை. நானும் நம்பவில்லை.

இறந்த எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, வந்து உண்ணட்டும் என்று அறைக் கதவைச் சாத்தி வைப்பது எங்கள் வழக்கம். ஆட்டிறைச்சிக் கறி, பொரித்த மீன், அரைக் கிளாஸ் சாராயம் எல்லாம் வைத்தாயிற்று. அப்பளத்தை மறந்துவிட்டார்கள். அதை வைக்க என்னை அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டு நிம்மதியைக் கெடுத்த சாமானில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. ஒரு மிடறு விழுங்கினேன். மண்ணெண்ணெய் தோற்றது. கதவைச் சாத்திவிட்டு வந்து, துக்கமே உருவாகப் பெண்களுக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

சற்று நேரத்தில் அம்மாவின் தம்பி, என் மாமா, கதவைத் திறந்தார்.

"அக்கா, அத்தான் வந்திட்டார்! கிளாசில குறைஞ்சு கிடக்கு!"

வீடே குழறி அழுதது. நானும் குழறிக்கொண்டு அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். (புத்திசாலி!) அம்மா அழுகையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். அது நெருப்பாய் எரிவது எனக்கே தெரிந்தது.

"எவ்வளவு குடிச்சனீ?"

"ஒரு மிடறுதானம்மா. அப்பாவாணை."

"ஒரு மிடறுக்கு இப்பிடிச் சிவக்குமோ?" என்றார் மாமா.

"சிவக்கும்" என்றாள் வவுனியாவில் தாதியாக இருக்கும் என் மச்சாள். "சில பேருக்குச் சாராயம் உடம்பில முழுசா உடையாது. இடையில வாற நஞ்சு தேங்கி ரத்தக் குழாயை விரிச்சுப்போடும். ஒரு மிடறே போதும். குடிவெறியெண்டில்லை, ஆனா இந்த ஆக்கள் குடிக்கவே கூடாது. தாய் தகப்பனிட்ட இருந்துதான் பிள்ளையளுக்கு வாறது."

அம்மா எழும்பிப் போய், படையலில் இருந்த கிளாசை விளிம்பு வரை நிரப்பினார். எனக்கு அப்போதுதான் உண்மையாக அழுகை வந்தது.

இன்றும் கலியாண வீடுகளில் நான் சோடா குடித்தாலும் மாமா விடமாட்டார். "பிள்ளை, எங்க முகத்தைக் காட்டு பாப்பம்!" எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார். பிறகு, "எத்தினை நாள் அந்த மனுசனைச் சாப்பாடு குடுக்காமல் விறாந்தையில படுக்க விட்டனான்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, குசினி அடுப்படிப் பக்கம் போய்விடுவார்.