எதிர்ப்பக்கம் சுற்றிய மோட்டார்

அன்புள்ள மகளுக்கு, கோபமாக இருக்கும் அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம், மோட்டாரையும் என்னையும் தவிர.

தலை முழுக்கச் சோப்பு நுரையோடு, இடுப்பில் ஒற்றைத் துண்டோடு, தண்ணீர் வராத குழாயைப் பார்த்து நான் கத்திய கத்தல் எதிர்வீட்டு மாடி வரைக்கும் கேட்டதாம். கீழே போய்ப் பார்த்தால் மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, நகரக் காணோம். உன் மாமா மாதிரியே. உடனே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன செய்தாய்? நீ வேலை பார்க்கும், மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் எல்லோர் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, "அப்பா, முதல்ல சுவிட்சை அணைங்க. கெபாசிட்டர் போயிருக்கு. நம்ம வீட்டுக்கு வர்றது ஒத்தை ஃபேஸ் கரண்ட். அது மோட்டாரை அப்படியும் இப்படியும் இழுக்குமே தவிர, சுத்தி விடாது. இந்தப் பக்கம் கிளம்புன்னு தள்ளிவிடுறதே கெபாசிட்டர்தான். புரியுதா?" என்றாய். பின்னால் யாரோ சிரித்தார்கள். பெற்றவனுக்கே பாடமா? எனக்கு ரத்தம் கொதித்தது. போனை வைத்துவிட்டேன்.

அந்த வேகத்தில்தான் உன் மாமா பேச்சைக் கேட்டேன். "தள்ளிவிடத்தானே வேணும் மச்சான்? அதுக்கெதுக்குக் கடைக்குப் போகணும்? நான் தள்ளுறேன்" என்று பின்பக்க மூடியைக் கழற்றி விசிறியை ஒரு குச்சியால் சுண்டினான், நான் சுவிட்சைப் போட்டேன், சும்மா சொல்லக் கூடாது, மோட்டார் ஜோராகச் சுற்றியது, ரெண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம், என் நுரையில் பாதி அவன் சட்டைக்குப் போனது, அரை மணி நேரமாகியும் தொட்டியில் ஒரு சொட்டு ஏறவில்லை. உன் அம்மா வந்து மோட்டார் மேலே இருக்கும் அம்புக்குறியைக் காட்டி, "அம்பு இந்தப் பக்கம் இருக்கு, இது அந்தப் பக்கம் சுத்துது. நாலு கண்ணு இருந்து என்ன பிரயோசனம்?" என்றாள். எந்தப் பக்கம் சுண்டினாலும் அந்தப் பக்கமே ஓடுமாம் அந்தச் சனியன். இதை நீ முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? நான் போனை வைத்தால் நீ திரும்பக் கூப்பிடக் கூடாதா?

ஆகவே என் முடிவு இதுதான். வங்கிப் பரீட்சைக்குப் படி என்றால் காயில் கட்டப் போனாய், போதும். வேலையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு வந்து சேர். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத அப்பா

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வேலையை விடுகிற பேச்சே எடுக்காதே. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பியபோது கெபாசிட்டரையும் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் சோதித்துவிட்டு, "செத்துப் போச்சு. எல்லாரும் மோட்டாரையே தூக்கிட்டு வருவாங்க, நீங்க சரியா இதை மட்டும் கொண்டு வந்திருக்கீங்க. யாரு பார்த்தது, மெக்கானிக்கா?" என்றார். பதில் வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் உன் மாமா நின்றான். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். புதுசு மாட்டியாயிற்று, தண்ணீர் ஏறுகிறது. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: ஆமாம், மெக்கானிக்தான். என் மகள்.