கழட்டி அண்ணனும் பொய் லோரியும்

ஜொகூரின் தம்போயில் நாங்கள் இருந்த தாமான் குடியிருப்பில் கழட்டி அண்ணன் திறந்து பார்க்காதது என்று ஏதாவது இருந்தால், அது மனிதனின் மண்டை ஓடு மட்டும்தான். அதற்கேற்ற ஸ்க்ரூ டிரைவர் அவரிடம் இல்லை. மின்விசிறி, ரைஸ் குக்கர், ஆட்டோ கேட் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றுவார். திரும்ப மாட்டும்போது ஒரு கைப்பிடி ஸ்க்ரூ மிஞ்சும். கேட்டால், "கம்பெனிக்காரன் பயத்துல கூடுதலா போட்டிருக்கான் லா" என்பார்.

மூவாரில் மேசை நாற்காலி ஏற்றித் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். அவர் காதுபடாமல்தான் அவரைக் கழட்டி என்கிறோம் என்று தாமானே நம்பிக்கொண்டிருந்தது.

அவருக்கு ஒரே மகன். பள்ளிக்கூட நாளில் அப்பாவின் லோரியில் ஏற மாட்டான். மழையில் நனைந்தாலும் பஸ்ஸுக்குத்தான் நிற்பான். படித்தான், சிங்கப்பூரில் நல்ல வேலை, அங்கேயே பெண். அப்பா ஒரு 'லாஜிஸ்டிக்ஸ் மேனேஜர்' என்று பெண் வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தான். கல்யாண விருந்தில் மைக் ஊளையிட்டது. அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. அவராக மேடையேறி அதைக் கழற்றினார். அன்றைக்கென்று பார்த்து ஒழுங்காக மாட்டியும் தொலைத்தார்.

"டெஸ்டிங், டெஸ்டிங். நான் மாப்பிள்ளையோட அப்பா. லோரி டிரைவர். எல்லாரும் வயிறார சாப்பிட்டுப் போங்க."

கடைசி மேசைவரை கணீரென்று கேட்டது. அவர் ஆயுளில் சரியாகப் பழுது பார்த்த ஒரே சாமான் அந்த மைக்தான். அதோடு மகன் அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவான். ஒருநாள் அவர் மனைவி சரோஜா அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை மத்தியானமெல்லாம் இவன் கம்ப்யூட்டர்ல லோரி ஓட்டுறானாம். கூட்டாளிங்களோட வரிசையா போவாங்களாம். மருமக தலையில அடிச்சுக்கிறா."

அண்ணன் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நிஜ லோரியில ஏற மாட்டேன்னான். இப்ப பொய் லோரி ஓட்டுறானா?" என்றவர் மறுபடி சோற்றில் கை வைத்தபடி, "என்ன லோரி? எத்தன டயர்?" என்றார்.

மகன் காலேஜ் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் மாடி அறையில் தூசியோடு கிடந்தது. கடையில் ரெடிமேடாக விற்கும் சாதாரணப் பெட்டி. மறுநாளே என்னைக் கூப்பிட்டு அதில் அந்த விளையாட்டைப் போடச் சொன்னார். போட்டேன். கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுபோல லோரி நகர்ந்தது.

"படம் வேகமா ஓடணும்னா இதுக்குத் தனியா கிராஃபிக்ஸ் கார்டு மாட்டணும்ணே. பேசாம புதுப் பெட்டியே வாங்கிடலாம்."

"புதுசு எதுக்கு? இது அவன் பெட்டி தம்பி. இதுலதான் போவேன்."

ஜொகூர் பாருவில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரச் சீனர், "அங்கிள், உங்க பவர் சப்ளை எத்தனை வாட்?" என்று மலாயில் கேட்டார். "நான் எத்தனை டன் இழுத்தவன் தெரியுமா?" என்று அண்ணனும் மலாயிலேயே பதில் சொன்னார். இருப்பதிலேயே பெரியதாக, மூன்று விசிறி வைத்த கார்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது பெட்டிக்குள் நுழையவில்லை. நுழைய வைக்க, ஹார்ட் டிஸ்க் உட்காரும் தகரத்தையே ரம்பத்தால் அறுத்தார். தீப்பொறி பறந்ததும் சரோஜா அக்கா சாமி படத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். அறுத்து முடித்துக் கார்டை உள்ளே வைத்தால், அதற்கு மின்சாரம் கொடுக்கும் பிளக் அந்தப் பெட்டியில் இல்லவே இல்லை.

"அலமாக்!" என்று தரையில் உட்கார்ந்தார்.

கடைக்காரர் புண்ணியவான், மாற்றிக் கொடுத்தார். இந்த முறை தனி பிளக் தேவைப்படாத சின்னக் கார்டு. மாட்டினார், கச்சிதமாக உட்கார்ந்தது. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. கழற்றினார், மாட்டினார், ஊதினார், கடைக்காரரின் வம்சத்தை விசாரித்தார். கடைசியில் காப்பி கொண்டுவந்த சரோஜா அக்கா எட்டிப் பார்த்து, "புது சாமானு கீழ இருக்கு. டிவி வயர மேல பழைய ஓட்டையிலயே சொருகி வச்சிருக்கீங்க?" என்றார். திரையின் வயரைப் புதுக் கார்டில் மாற்றிச் சொருகியதும் திரை பளிச்சென்று எரிந்தது. "அதத்தான் செய்யப் போனேன்" என்றார் அண்ணன்.

மகனின் கூட்டத்துக்குள் நுழையும் பாஸ்வர்டை மருமகளே அக்காவிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சட்டை மாற்றி, தலை சீவி வந்து உட்கார்ந்தார்.

"என்ன பேர் போடட்டும்ணே?" என்றேன்.

"கழட்டின்னே போடு. நீங்கள்லாம் அப்படித்தான கூப்பிடுறீங்க?"

நான் தலை நிமிராமல் தட்டினேன்.

வரிசையில் கடைசி லோரியாகப் போனார். அவசரமில்லை, ஒவ்வொரு திருப்பத்துக்கும் சிக்னல் போட்டார். எல்லாரும் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றார்கள். மகனின் லோரிக்குப் பின்னால், இடிக்காமல் கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்பீக்கரில் யாரோ, "யார்ரா இந்த ஸ்லோ அங்கிள்?" என்று சிரித்தார்கள். பிறகு மகனின் குரல்.

"கழட்டியா? யாரு?"

அண்ணன் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தார். "நான்தான்ப்பா. அப்பா. நல்லாத்தான் ஓட்டுற. வளைவுல மட்டும் பிரேக் அடிக்காத, அதுக்கு முன்னாடியே அடிச்சிரு."

மகன் தாழ்ந்த குரலில், "ப்பா... ஃப்ரெண்ட்ஸ்லாம் இருக்காங்கப்பா" என்றான். திரையில் இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்தது: நீங்கள் கூட்டத்திலிருந்து நீக்கப்பட்டீர்கள்.

அண்ணனுக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியாது. "என்ன போட்டிருக்கு தம்பி?" என்றார். லைன் கட்டாகிவிட்டது என்று சொன்னேன். "ம்" என்றார். ஆனால் அவருக்குப் புரியாமலில்லை. மறுபடி சேரச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவே இல்லை. மைக்கை மட்டும் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டார்.

அந்தப் பையனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவன் அப்பா மன்னித்துவிட்டிருப்பார், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தனியா ஓட்டினா தூக்கம் வருது தம்பி. பக்கத்து சீட்டுல ஆள் இருக்கணும்." ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கேயோ பனி பெய்யும் ஊரில் மரக்கட்டை ஏற்றிக்கொண்டு போனோம். அவரும் அக்காவும் மூவாருக்குக் குடிபோகும்வரை எல்லா ஞாயிறும் போனோம். வளைவு வந்தால் அவர் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். நானும் கூடவே சாய்வேன்.