முதலில் உன் ஐசியைக் காட்டு

மணி பத்தாக இரண்டு நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். சேதுபதி பட்டென்று கட் பண்ணினார்.

“மாமா! அதுதான் இண்டர்வியூ!” அடுப்படியிலிருந்து மருமகள் யாமினி ஓடிவந்தாள்.

“பத்து மணின்னுதானே சொன்னான்? முன்னாடியே கூப்பிடுறவன் திருட்டுப்பயலாத்தான் இருப்பான்.”

சிங்கப்பூர் பாசிர் ரிஸ்ஸில் ஒரு கொண்டோ அடுக்குமாடிக்கு ஜாகா, அதாவது காவலாளி வேலை. வாசலில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனை முறைக்க வேண்டும். சேதுபதி அதற்கென்றே பிறந்தவர். ஆனால் ஏற்கெனவே இரண்டு கம்பெனி அவரைப் போனிலேயே கழித்துக்கட்டிவிட்டன. இதுவும் போனால் முதியோர் நிலையத்தில் காகிதப் பூ மடிக்க வேண்டியதுதான் என்று மகன் தீர்த்துச் சொல்லியிருந்தான். அறுபத்தெட்டு வயதில் பூவா!

மறுபடி அடித்தது.

“முனகாம, தைரியமா பேசுங்க மாமா. நீங்களும் நாலு கேள்வி கேளுங்க. அப்பதான் மதிப்பாங்க,” என்று யாமினி ஸ்பீக்கரைப் போட்டாள்.

“வணக்கம், சேதுபதி அங்கிளா?”

“யாரு கேக்குறது?”

“செக்யூரிட்டி கம்பெனில இருந்து ரக்ஷனா பேசுறேன். உங்க அடையாள அட்டை, ஐசி நம்பர் சொல்றீங்களா?”

மோசடிக்காரர்களைப் பற்றி வீட்டு புளோக்குக்குக் கீழே ஒட்டியிருந்த போலீஸ் சுவரொட்டி கண்முன் வந்து நின்றது. சேதுபதி முழுசாகப் படித்த ஒரே இலக்கியம் அதுதான்.

“அதெல்லாம் அப்புறம். நெசமான கம்பெனின்னா அந்தக் கொண்டோல எத்தனை கேட், எத்தனை ஆளுன்னு சொல்லு பாப்போம்.”

அந்தப் பெண் பயந்துபோனாள். “ரெண்டு கேட் அங்கிள். முன்னால மூணு பேரு. பின்கேட்ல ஒருத்தர்தான். பன்னெண்டுல இருந்து ஒரு மணி வரைக்கும் அவரும் சாப்பிடப் போயிடுவாரு.”

“கேட்டைப் போட்டுட்டுச் சோறு திங்கப் போற ஜாகா எந்த ஊர்ல இருக்கான்? புளுகுறதையாவது ஒழுங்கா புளுகு!”

யாமினி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

போனில் குரல் மாறியது. “அங்கிள், நான் மேனேஜர் ரிஸ்வான்…”

“ஓகோ, கும்பலா வந்திருக்கீங்களா? மேனேஜர்னா உன் ஐசியைப் படம் புடிச்சு அனுப்பு.”

டிங். அனுப்பியே விட்டான்.

“கேட்டதும் குடுக்குறான் பாரு. போலியேதான்!” கட்.

யாமினி சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். “போச்சு மாமா. நெசமாவே அந்தக் கம்பெனிதான். நானேதான் விண்ணப்பம் எழுதிப் போட்டேன்.”

சேதுபதி படத்தைப் பார்த்தார். நல்ல குடும்பத்துப் பிள்ளை முகம். சிவப்புக் காகிதம், பச்சைக் காகிதம், பசை…

போன் அடித்தது. உடனே எடுத்தார். “தம்பி, ஏதோ வயசான மனுசன்…”

“அங்கிள், நீங்க சேதுபதிதானான்னுகூட எங்களுக்கு இன்னும் தெரியல. ஆனா எங்க ஆள் கணக்கு, பின்கேட் காலியா கெடக்குற நேரம், என் ஐசி எல்லாம் இப்ப உங்க கையில. நாளைக்கே வந்து வேலையில சேர்ந்துடுங்க, வெளிய மட்டும் சொல்லிடாதீங்க லா!”