மீன் கடை ஐஸும் ஆறு இன்சுலின் பேனாக்களும்

ஞாயிறு காலை எட்டு மணி பத்து நிமிடம். பிரிட்ஜைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, இட்லி மாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த ஒன்பது இன்சுலின் பேனாக்கள். ஒன்றின் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

அவை என் கணவர் சேகருடையவை. ஆறு மாதம் எங்கள் ஹெப்பகோடியின் தெருக்களை நடந்தே அளந்து அவர் எடையைக் குறைத்ததில், டாக்டர் இன்சுலினை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றிவிட்டார். வாங்கி வைத்தவை மிஞ்சின. மெடிக்கல் ஷாப்பில், "பிரிட்ஜ் ஐட்டம் மேடம், வெளிய போனா திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள்.

முந்தின நாள்தான் மஞ்சுளா போன் செய்திருந்தார். நான் முன்பு வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் டீ கொடுப்பவர், வீடு அல்சூரில்.

"அக்கா, எங்க வூட்டுக்காரருக்கு நாளைக்கு மதியத்தோட இன்சுலின் முடியுதுக்கா. இலவச கிளினிக்ல ஸ்டாக் இல்லியாம். புதன்கிழமைதான் வருமாம். அது வரைக்கும் என்னா பண்றதுன்னே தெரில."

மருந்தின் பெயரைப் படிக்கச் சொன்னேன். அதே மருந்து. கிளினிக் டாக்டருக்கே போன் போட்டேன். "உறை பிரிக்காம, தேதி தாண்டாம இருந்தா கொண்டு வாங்க. பார்த்துட்டு நானே கொடுக்கறேன். பன்னெண்டுக்கு மூடிடுவோம்" என்றார் அவர்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினெட்டு ஆண்டுகள் மருத்துவப் பக்கம் தயாரித்தவள் நான். அதனால் எனக்குப் பாதி மருத்துவம் தெரியும் என்று நம்பியிருந்தேன். (எந்தப் பாதி தெரியாது என்பது அன்று பத்தரை மணிக்குத் தெரிந்தது.)

"ஈரத் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போ, போதும்" என்றார் சேகர்.

"ஒன்றரை மணி நேரப் பயணம். இது இன்சுலின்ங்க, வெண்டைக்காய் இல்ல."

"அப்போ மூணு இங்கயே இருக்கட்டும். எல்லாத்தையும் ஏன் தூக்கிட்டுப் போற?"

"தானம் பண்ணும்போதுகூடக் கை வரமாட்டேங்குது உங்களுக்கு" என்று சொல்லி, ஆறை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் தெருமுனையில் பாஷா பாயின் மீன் கடை. ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் கேட்டேன்.

"எவ்ளோ தூரம்க்கா?"

"அல்சூர்."

"அப்போ சும்மா ஐஸு தாங்காது. கல்லுப்பு கலந்து தர்றேன். நாளைக்கு வரைக்கும் கல்லு மாதிரி நிக்கும், பாருங்க."

வஞ்சிரத்துக்கு நல்லது இன்சுலினுக்கும் நல்லது என்று எனக்குத் தோன்றியது. ஆறு பேனாக்களையும் அந்த உப்பு ஐஸுக்குள் எல்லாப் பக்கமும் மூடும்படி புதைத்தேன். (கடலை விதைப்பவர்கள்கூட இவ்வளவு கவனமாகப் புதைக்க மாட்டார்கள்.)

மெட்ரோவில் பையைச் சோதித்த பெண் மூக்கைச் சுளித்து, மீனா என்று கன்னடத்தில் கேட்டார். மருந்து என்றேன். அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, எந்த நோய்க்கு என்று கேட்காமல் விட்டார். ரயிலில் என் இரு பக்கமும் இரண்டிரண்டு இருக்கைகள் கடைசி வரை காலியாக இருந்தன.

பத்து இருபத்தைந்துக்குக் கிளினிக். வரிசையில் பதினோரு பேர். மஞ்சுளாவும் அவர் கணவர் குமாரும் எழுந்து நின்றார்கள். எல்லோரும் பார்க்க, பெட்டியை டாக்டரின் மேஜையில் வைத்துத் திறந்தேன்.

டாக்டர் ஒரு பேனாவை இரண்டு விரலால் தூக்கினார். உறையில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. உறையைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது.

"மேடம், இது குச்சி ஐஸ்."

"கரையும் இல்லையா டாக்டர்?"

"கரையும். ஆனா ஒரு தடவ உறைஞ்சா மருந்து கெட்டுப்போச்சு. போட முடியாது. ரெண்டு மணி நேரந்தானே? இந்த வெயில்லகூட சும்மா ஹேண்ட்பேக்ல கொண்டு வந்திருந்தாலே ஒண்ணும் ஆயிருக்காது."

"பரவால்லக்கா, நீங்க இவ்ளோ தூரம் வந்ததே பெருசு" என்றார் குமார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எல்லாருக்கும்தான் படிச்சுக் காட்டறோம்" என்று டாக்டர் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். பழுப்பேறிய ஒரு பத்திரிகைத் துண்டு. தலைப்பு: 'இன்சுலினை உறைய விடாதீர்கள்'. "இவங்க நல்லா எழுதியிருக்காங்க. வீட்டுக்குப் போய் படிங்க. உங்க பேர் என்ன சொன்னீங்க?"

"சேகர் வைஃப்" என்றேன்.

மஞ்சுளா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கியதில் தோள் மட்டும் குலுங்கியது.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அந்த மூணு இருக்கா?"

"ஏன், ஆறும் என்ன ஆச்சு?"

"வாங்க, சொல்றேன். பன்னெண்டுக்குள்ள வாங்க."

அதற்குப் பிறகு ஒன்றே கால் மணி நேரம் தெருவைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியை முகர்ந்தபடி ஒரு பூனையும் கூட உட்கார்ந்திருந்தது. பதினொன்றே முக்காலுக்கு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைப் பைக்குள் வைத்தார். குமார், "நான் மஞ்சுளா கூடப் போய் வேற எங்கயாவது கேட்டுப் பாக்கறேன்" என்று எழுந்தார். இன்னும் பத்து நிமிடம் என்று சொல்லி அவரை நிறுத்தினேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஆட்டோவிலிருந்து சேகர் இறங்கினார். கையில் சாப்பாட்டுப் பை. அதற்குள் ஈரத் துண்டு. அதற்குள் மூன்று பேனாக்கள். டாக்டர் தேதியைப் பார்த்தார், வெளிச்சத்தில் பார்த்தார், குமாரின் சீட்டோடு ஒப்பிட்டார். "சுத்தமா இருக்கு" என்று மூன்றையும் குமாரிடம் கொடுத்தார். மஞ்சுளா அவற்றை அந்தத் துண்டோடு சேர்த்தே வாங்கிக்கொண்டார். உறைந்த ஆறையும் மருத்துவக் கழிவோடு அனுப்பிவிடுவதாக டாக்டர் சொன்னார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சேகர் சுவரைப் பார்த்துவிட்டார்.

"அட, டாக்டர்! இத எழுதினதே இவதான்!" என்றார், அவ்வளவு பெருமையாக.

இப்போதும் நான் பிரிட்ஜைத் திறந்தால், "அம்மா, கட்டுரையைப் படிச்சிட்டியா?" என்று என் மகன் கூடத்திலிருந்து குரல் கொடுப்பான். பாஷா பாய்க்கும் விஷயம் தெரியும். "இன்னிக்கு மீனுக்கா, மருந்துக்கா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஐஸை அள்ளுகிறார்.

போன மாதம் அல்சூர் போயிருந்தேன். கட்டுரை கிளினிக் சுவரில் அப்படியே இருக்கிறது. என் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'மீன் கடை ஐஸ் கூடாது.'