புதிய விண்டோஸுக்குத் தில்லைநாதர் அளித்த அனுமதி

அன்பார்ந்த வாசகர்களே, ஒரு முடிவை எடுப்பதற்கும் எடுத்துவிட்டதாக அறிவிப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று நீங்கள் என்றாவது அளந்து பார்த்ததுண்டா? உடனே பதில் சொல்ல வேண்டாம். முதலில் வெள்ளவத்தைத் தில்லைநாதரின் கதையைக் கேளுங்கள்.

தில்லைநாதர் கொழும்புக் கோட்டையிலுள்ள ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பிரதம எழுதுவினைஞர். உத்தியோகம் அதுவென்றாலும் அவருடைய உயிர்மூச்சு பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதம் எழுதுவது. காலி வீதியின் பள்ளங்கள், பாண் ரொட்டியின் நிறை குறைந்துவருவது, இளைஞர் சட்டையை வெளியே விட்டுத் திரிவது என்று அவர் எழுதிய முன்னூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் வீட்டுக் கணினியில் இருந்தன. பிரசுரமானவை ஒன்பது. மற்றவற்றுக்கு நாடு இன்னும் பக்குவப்படவில்லை என்பது அவருடைய கருத்து.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு முழுவதும் புதிய விண்டோஸ் வரப்போகிறது என்பதே அவர் பேச்சு. செய்தித் துணுக்குகளை வெட்டி ஒட்டினார். காலை ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டே அதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஒக்டோபர் முடிவில் அது வெளிவந்தே விட்டது. அன்றிலிருந்து மனிதர் மௌனமானார்.

அவருடைய ஒரே மகள் அருந்ததி அப்போது ரொறொன்ரோவில் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தாய் ஜெகதீஸ்வரிக்கு விசா கிடைக்கவில்லை. மருமகன் ஒரு வழி கண்டார். கொழும்புக்கு வந்த நண்பர் ஒருவரிடம் சிறிய கமரா ஒன்றையும் புதிய விண்டோஸ் அடங்கிய குறுந்தட்டையும் கொடுத்தனுப்பினார்.

"இஞ்சாருங்கோ, இந்தக் கமரா புதுசிலைதான் ஓடுமாம். பிள்ளை பிறந்தா முகத்தையெண்டாலும் பாக்கலாம். ஏத்துவமே?"

"அவசரப்படாதையும், ஜெகதி. முதல்ல உலகம் பாவிக்கட்டும். அவையின்ரை கொம்பியூட்டர் எரிஞ்சாப் பிறகு நாங்கள் யோசிப்பம்."

"எரியாட்டி?"

"எரியாட்டி இன்னும் கூட யோசிக்க வேணும். என்னவோ ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள் எண்டு அர்த்தம்."

"பிள்ளை யோசிச்சுக்கொண்டு நிக்காது. மார்கழியிலை வந்திடும்."

"என்ரை முன்னூற்றுப் பன்னிரண்டு கடிதமும் அழிஞ்சுபோனா ஆர் பொறுப்பு?"

"ஒன்பது தப்பும். பேப்பரிலை வந்திட்டுதே."

தில்லைநாதர் தட்டை அலுமாரியில் வைத்து மூடினார்.

வெள்ளவத்தை நிலையத்தில் நெரிசலில்லாத ரயிலுக்காகக் காத்து நின்ற ஒருவரை நான் அறிவேன். ஒன்றை விட்டார், இரண்டை விட்டார், வருவதையெல்லாம் விட்டார். கடைசியில் அவர் அலுவலகம் போய்ச் சேர்ந்த நாளில், அங்கே அவருக்குப் பிரியாவிடை வைபவம் நடந்துகொண்டிருந்தது. சிந்தனை நல்லது, வாசகர்களே. ஆனால் அதற்குள் குடியிருக்க முடியாது.

இனி, அந்த வீட்டின் விசேட வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கணினி வாங்கிய நாளில், நல்லநேரம் பார்த்து, ஜெகதீஸ்வரியின் கையாலேயே அதைத் தொடக்கினார்கள். மூன்று வருடமாக அதற்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. அது மனைவியின் கைராசி என்று முடிவுகட்டிய தில்லைநாதர், தாம் அந்தப் பொத்தானைத் தொடுவதே இல்லை என்று விரதம் பூண்டார். மாலையில் வந்து கால் கழுவித் தேநீர் குடித்துவிட்டு, ஏற்கெனவே விழித்திருக்கும் கணினியின் முன் அமர்வார். மின்வெட்டு வரும்வரை தட்டுவார். மறுபடி தொடக்குவது கைராசிக்காரியின் பொறுப்பு.

மார்கழி பிறந்தது. அவர் தமது முன்னூற்றுப் பதின்மூன்றாவது கடிதத்தை எழுதினார். தலைப்பு: 'புதிய விண்டோஸ்: பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை'. என்றுமில்லாதபடி வேலை மளமளவென்று நடந்தது.

"பாத்தீரே, ஜெகதி? பழசு பழசு எண்டு குறை சொன்னீர். மதிப்புக் குடுத்தா எப்பிடி ஓடுது."

"ஓம். நீங்கள் குடுத்த மதிப்புத்தான்."

அதிசயத்திலும் அதிசயம், அந்தக் கடிதம் பிரசுரமானது. பத்தாவது வெற்றி. பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடந்தார்.

அருந்ததிக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஜெகதீஸ்வரி தட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. முணுமுணுப்பில்லை. முகத்திலோ தனி வெளிச்சம். கணவனின் விவேகத்துக்கு அவள் பணிந்துவிட்டாள் என்றே தில்லைநாதர் எண்ணினார். எண்ணியதும் அவர் மனம் இளகியது. அவர் கெட்டவரல்லர், தாமதமானவர், அவ்வளவுதான்.

தைப்பொங்கலன்று காலை, பொங்கல் படைத்து முடிந்ததும், அவர் தொண்டையைச் செருமினார்.

"ஜெகதி, நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறன். பேத்தியின்ரை முகத்தை நீர் பாக்க வேணும். புதுசை ஏத்துவம். நான் சம்மதம்."

பக்கத்து வீட்டு மஜீட், கணினி திருத்துபவர், அழைக்கப்பட்டார். தில்லைநாதர் கணினிக்கு முன் தேங்காய் உடைத்தார். அலுமாரியைத் திறந்து, தட்டை இரு கைகளாலும் ஏந்தி நீட்டினார்.

மஜீட் அதை வாங்கவில்லை. "சேர், ஒரு விசயம் ஈக்கி. நான் சொல்றதா, அக்கா சொல்றீங்களா?"

"கொம்பியூட்டரைப் பற்றி ஜெகதிக்கு என்ன தெரியும்? நீர் சொல்லும், மஜீட்."

"இதை ஏத்தி ரெண்டு மாசமாச்சு, சேர். நீங்க ஒபிசுக்குப் போன நேரம் அக்கா கூப்பிட்டாங்க. பழைய மாதிரியே தோற்றத்தை வைக்கிற வசதியும் இதுக்குள்ளயே ஈக்கி. சேர் பயந்துடக் கூடாதுன்னு அதையும் போட்டுட்டோம். தொடக்குற நேரம் மட்டும் புதுப் பேர் தெரியும், அதைத்தான் சேர் பாக்குறதே இல்லையே."

தில்லைநாதர் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "இது அலுமாரியிலைதானே கிடந்தது?"

"எடுத்துப் பாவிச்சுப்போட்டுத் திருப்பி வைச்சனான்," என்றாள் ஜெகதீஸ்வரி. "இடம் மாறினா உங்களுக்குத் தெரிஞ்சிடுமே."

"என்ரை கடிதங்கள்?"

"முதல் வேலையா அதுகளைத்தான் பிரதி எடுப்பிச்சனான். ஒண்டும் அழியேல்லை. எச்சரிக்கைக் கடிதத்தைப் புதுசிலைதான் அடிச்சனீங்கள்."

அவர் கதிரையில் மெல்ல அமர்ந்தார். சேலைகளுக்கிடையிலிருந்து கமராவை எடுத்து வந்த ஜெகதீஸ்வரி, பழகிய கையால் அதைப் பொருத்தி, இரண்டு தட்டுத் தட்டினாள். திரையில் அருந்ததி தெரிந்தாள். மடியில் குழந்தை.

"என்னப்பா, இண்டைக்கு ஒபிஸ் லீவோ?" என்றாள் மகள். "நீங்கள் இந்தப் புதுசை நம்பமாட்டியள் எண்டு அம்மா சொன்னவ. அம்மாவின்ரை குரல் கேட்டா இவள் இப்ப தலையைத் திருப்புறாள், பாருங்கோ."

ஜெகதீஸ்வரி கொஞ்சினாள். குழந்தை திரும்பியது. தில்லைநாதரின் கண்ணாடி மங்கிற்று. அதைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடியும் கழற்றித் துடைத்தார். இத்தனை நாள் தவறவிட்டதை எண்ணிச் சிறிது வருந்தினார். இப்போது கிடைத்ததை எண்ணி அதைவிட அதிகமாக மகிழ்ந்தார். ஆயினும் ஓர் ஆண்மகன் அப்படியே விட்டுவிட முடியுமா?

"எதுக்கும், குடும்பத் தலைவன் எண்ட முறையிலை நான் அனுமதி குடுத்தாப் பிறகுதான் இது முறையா..."

"ஓம், ஓம்," என்றாள் ஜெகதீஸ்வரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "தேங்காய் நல்லாத்தான் உடைச்சனீங்கள்."

ஆகவே, வாசகர்களே, நீங்களும் ஏதோவொன்றை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். இந்தத் தாளைக் கீழே வையுங்கள். எழுந்து சமையலறையிலிருக்கும் மனைவியிடம் சென்று, "நான் சம்மதம்" என்று சொல்லிவிடுங்கள். எதற்குச் சம்மதம் என்பதை அவர்கள் அறிவார்கள். நாளைக்கென்று தள்ளிவைத்தால் காரியம் நின்றுவிடும் என்று அஞ்சியா இதைச் சொல்கிறேன்? இல்லை. அது முடிந்துவிட்டிருக்கும், சம்மதிக்க ஒன்றும் மிஞ்சியிராது. தயவுசெய்து இன்றே எழுந்திருங்கள்.