மூன்றாவது நிலாவும் மரங்கொத்தியின் மதிப்புரையும்

ஒரு காட்டில் புலி, மான், நரி எல்லாம் வழக்கப்படி இருந்தன. அவற்றைப் பற்றி ஏற்கெனவே நிறையச் சொல்லியாகிவிட்டது, விட்டுவிடுவோம். இது ஒரு தேவாங்கைப் பற்றிய கதை.

அந்தக் காட்டில் அப்போது அறிவியல் புனைகதைப் பைத்தியம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. நாளைக்கு மழை வருமா என்று சொல்லத் தெரியாத விலங்குகள்கூட வியாழன் கிரகத்துப் புயலைப் பற்றிச் சண்டை போட்டன. எல்லாவற்றுக்கும் காரணம் 'ஒன்பதாம் கோள்' என்ற மாத இதழ். அதன் ஆசிரியர் ஆமை. மாத இதழ் என்று அட்டையில் போட்டிருக்குமே தவிர, எந்த மாதம் என்று போட்டிருக்காது. ஏன் இவ்வளவு தாமதம் என்று யாராவது கேட்டால், இது எதிர்காலத்துக்கான பத்திரிகை, எதிர்காலம் வரும்போது வரும் என்று ஆமை சொல்லிவிடும்.

தேவாங்குக்கு வேற்றுக் கிரகங்களில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அதன் கவலையெல்லாம் ஒரு விளக்கு. காட்டு நலச் சங்கம் முன்னேற்றம் என்று சொல்லி, அதன் மரத்துக்கு நேர் எதிரே ஒரு சோலார் விளக்குக் கம்பத்தை நட்டுவிட்டது. தேவாங்கோ இருட்டில் மட்டும் இரை தேடும் பிராணி. வெளிச்சம் பட்டால் கண் கூசி, பிடித்த கிளையிலேயே நின்றுவிடும். விளக்கு வந்ததிலிருந்து அது அரை வயிறும் கால் வயிறுமாகத்தான் காலம் தள்ளியது.

சங்கத் தலைவரான காட்டுப்பன்றியிடம் மனு கொடுத்தது. யாரும் படிக்கவில்லை. இன்னொரு மனு கொடுத்தது. அதையும் படிக்கவில்லை. இந்தக் காட்டில் பின்னே எதைத்தான் படிக்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தது. அறிவியல் புனைகதை படிக்கிறார்கள் என்று அதற்குத் தோன்றியது. பாவம், அங்கேதான் அது ஏமாந்துபோனது.

'மூன்றாவது நிலா' என்று ஒரு கதை எழுதியது. இரண்டு நிலாக்கள் ஓயாமல் காயும் ஒரு கிரகம். அங்கே இருட்டே கிடையாது. இருட்டில் மட்டும் வெளியே வரக்கூடிய ஒரு சின்னப் பிராணி பொந்துக்குள் பட்டினியாகக் காத்திருக்கிறது. மூன்றாவதாக ஒரு கறுப்பு நிலா இருக்கிறது, அது ஒருநாள் வந்து மற்ற இரண்டையும் மறைக்கும் என்று யாரோ அதற்குச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, ராக்கெட் இல்லை. இதைப் படித்தால் ஒருவருக்காவது உறைக்கும், எதிரே இருக்கும் விளக்கை அணைத்துவிடுவார்கள் என்று நம்பித் தேவாங்கு அதை 'ஒன்பதாம் கோளு'க்கு அனுப்பியது.

ஆமை தலைப்பை மட்டும் பார்த்தது. தலைப்பு பிடித்துவிட்டது. அந்தப் பத்திரிகையில் அட்டைப்படம்தான் முதலில் தயாராகும், கதையைப் பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்வார்கள். அட்டை ஓவியர் மயில். எந்தக் கதையைக் கொடுத்தாலும் மயில் தோகை விரித்த ஒரு ராணியைத்தான் வரையும். கேட்டால், அது தன் பாணி என்று சொல்லும். இந்தத் தடவையும் மூன்று நிலாக்களை வரைந்து, மூன்றாவதன்மேல் தோகை விரித்த ராணியை நிறுத்தி, கையில் ஒரு மின்னல் வாளையும் கொடுத்தது. 'விரைவில் வருகிறது' என்று அந்தப் படம் முந்தைய இதழிலேயே முழுப் பக்க விளம்பரமாக வந்துவிட்டது.

இங்கேதான் மரங்கொத்தி வருகிறது. அது 'கொத்து' என்று ஒற்றைத் தாளில் ஒரு ரசிகர் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தது. அது பாராட்டினால் எழுத்தாளர் பிழைத்தார். குறை சொன்னால் அவர் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எதைப் பற்றியும் தான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்பது அதன் வெறி. கதை வெளிவந்த பிறகு மதிப்புரை எழுதுவது, ஊரே சாப்பிட்டு எழுந்த பிறகு பந்தியில் உட்காருவது மாதிரி என்று நினைத்தது. அதனால் விளம்பரத்தைப் பார்த்தே எழுதிவிட்டது. இதழ் வந்ததும் படித்துக்கொள்ளலாம் என்று மனசாட்சிக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டது.

மதிப்புரை பிரமாதமாக இருந்தது. அதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நிலாராணி தன் மக்களுக்காக வாள் ஏந்தும் இடம், மற்ற இரண்டு நிலாக்களின் சர்வாதிகாரிகளை வீழ்த்தும் இடம் என்று கதையில் இல்லாத இடங்களை எல்லாம் எடுத்துக் காட்டிப் பாராட்டியிருந்தது. நடுவில் கொஞ்சம் தொய்வு என்று ஒரு குறையும் சொல்லியிருந்தது. குறை சொன்னதால், கண்டிப்பாகப் படித்திருக்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள்.

ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். அணில்கள் வாலில் மூன்று புள்ளிகள் வைத்துக்கொண்டன. மூன்றாவது நிலா ரசிகர் மன்றத்துக்கும் காட்டுப்பன்றியே தலைவரானது. ஒருவழியாக இதழ் வந்தபோது, எல்லாரும் அட்டையோடு செல்ஃபி எடுத்துப் போட்டார்கள். தவறிப்போய் உள்ளே புரட்டிய ஒன்றிரண்டு முயல்கள் மட்டும் ராணி எங்கே என்று கேட்டன. பக்கம் போதவில்லை என்று ஆமைதான் வெட்டியிருக்கும் என்று முடிவாயிற்று. முழுக் கதையையும் வெளியிடு என்று ஆமையின் ஓட்டின்மேலேயே போஸ்டர் ஒட்டினார்கள்.

தேவாங்கு மன்றத்துக்குப் போய், இதில் ராணியே கிடையாது, இது பசியைப் பற்றிய கதை, என் மரத்துக்கு எதிரே இருக்கும் விளக்கைப் பற்றிய கதை என்று எடுத்துச் சொன்னது. பெரிய எழுத்தாளர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று பன்றி அதன் முதுகைத் தட்டி அனுப்பிவைத்தது.

இந்த ரகளைக்கு நடுவில் மரங்கொத்திக்கு என்னவோ உறுத்தியது. ஒரு மத்தியானம் ஆளில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து கதையைப் படித்தது. படித்து முடித்ததும் நேராகத் தேவாங்கின் மரத்துக்குப் பறந்தது. இலைகளுக்குள் சுருண்டு கிடந்த தேவாங்கு எலும்பும் தோலுமாக இருந்தது.

"அண்ணே, உங்க கதையப் படிச்சேன்" என்றது மரங்கொத்தி.

"இப்பத்தானா?"

மரங்கொத்தி தலையைக் குனிந்துகொண்டது. "இந்த விளக்கு வேணும்னு சங்கத்துல கேட்டவங்கள்ல நானும் ஒருத்தன். பொழுது சாஞ்ச பிறகும் பூச்சி பிடிக்கலாமேன்னு கேட்டேன். இன்னொருத்தர் வயித்துல அடிக்கிறோம்னு தோணவே இல்ல. அந்தப் பொந்துக்குள்ள அது பசி தாங்காம சுவத்த நக்கிப் பாக்குற இடம் இருக்கே, அதுக்கு மேல என்னால படிக்க முடியலண்ணே. கொஞ்ச நேரம் மூடி வச்சிட்டுத்தான் படிச்சேன்."

தேவாங்குக்கு அழுகை வந்துவிட்டது. தன் கதையை ஒருவர் படித்திருக்கிறார் என்ற சந்தோஷத்தை அது அன்றுதான் அனுபவித்தது. "இத எழுதுவியா தம்பி?" என்று மட்டும் கேட்டது.

மரங்கொத்தி எழுதியது. கதையைப் படிக்காமலே முந்தைய மதிப்புரையை எழுதிவிட்டேன், மன்னியுங்கள், இப்போது படித்துவிட்டேன், இது நாம் வைத்த விளக்கைப் பற்றிய கதை, தயவுசெய்து அதை அணையுங்கள் என்று எழுதியது. ஒரு அலங்கார வார்த்தைகூடப் போடவில்லை. அது எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான்.

காடு கொதித்தது. ஆமையிடம் விலைபோய்விட்டது என்றது ஒரு கூட்டம். வயதாகிவிட்டது, புத்தி மழுங்கிவிட்டது என்றது இன்னொரு கூட்டம். காட்டுப்பன்றி மேடையேறி, உண்மையான வருத்தத்தோடு பேசியது.

"படிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு நல்லா எழுதிட்டு இருந்துச்சு. படிச்சுது, கெட்டுப்போச்சு."

மரங்கொத்தி கெடுத்த பெயரைச் சரிக்கட்ட, மன்றம் அவசர அவசரமாகத் தேவாங்குக்கு ஒரு விருது அறிவித்தது. விழா தேவாங்கின் மரத்தடியிலேயே நடந்தது. பொழுது சாய்ந்ததும் பன்றி ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தது. திரை விலகியது. மரத்தின் உச்சியில் வட்டமாக ஒரு பெரிய விளக்கு பளீரென்று எரிந்தது. வானத்தில் இருப்பது ஒன்று, எதிர்க் கம்பத்தில் இருப்பது இரண்டு, இதுதான் மூன்றாவது நிலா என்று பன்றி விளக்கம் சொன்னது. பேட்டரிக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம் உண்டு என்றும் சொன்னது.

தேவாங்கு இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டது. ஆனந்தக் கண்ணீர் என்று போட்டோ எடுத்தார்கள். ஏற்புரை சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"இத அணைச்சிடுங்க" என்றது தேவாங்கு.

நிலாராணி பேசும் வசனம் என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாளே அது டீ-ஷர்ட்டில் வந்துவிட்டது.

மரங்கொத்தி அந்த விளக்கைக் கொத்தி உடைக்கப் பார்த்தது. கெட்டிக் கண்ணாடி, அலகு வலித்ததுதான் மிச்சம். பொறாமை பிடித்தது என்று கல்லால் அடித்துத் துரத்தினார்கள். சில நாட்களில் தேவாங்கு கண்ணை மூடிக்கொண்டே, கிளை கிளையாகத் தடவித் தடவிக் காட்டை விட்டுப் போய்விட்டது. எங்கே போயிற்று, பிழைத்ததா என்பது எனக்கும் தெரியாது. கேட்க எனக்கும் தைரியம் இல்லை. அது இரண்டாம் பாகம் எழுதத்தான் போயிருக்கிறது என்று ரசிகர்கள் சொன்னார்கள். ஆமை உடனே 'நான்காவது நிலா' என்று விளம்பரம் போட்டது. மயில் ராணிக்கு இன்னொரு வாள் கொடுத்தது.

வாங்க ஆளில்லாமல் 'கொத்து' கட்டுக் கட்டாகக் கிடந்தது. மரங்கொத்தி அந்த விளம்பரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பெருமூச்சு விட்டு, முதல் பாகத்தைவிட இது ஆழமானது என்று மதிப்புரை எழுதத் தொடங்கியது. காடு அதை மன்னித்து மறுபடியும் சேர்த்துக்கொண்டது.

நீதி: ஒரு கதையைப் பற்றி நீங்கள் சொல்வதை ஊர் நம்ப வேண்டுமென்றால், அதைப் படித்துத் தொலைத்துவிடாதீர்கள்.