கார் ஓடிவிட்ட கவலை

பழைய கார் திருத்துகிறவர் என்று மலைநாட்டில் ஒரு வகை மனிதர் உண்டு. இவரை மெக்கானிக் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். மெக்கானிக் காரைத் திருத்தி முடிப்பார். இவர் திருத்துவார்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். பேனா இருக்கவேண்டிய சட்டைப்பையில் ஸ்பேனர் இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். ரோட்டில் யாருடைய வாகனமாவது ஏற்றத்தில் இருமிக்கொண்டு போனால் அப்படியே நின்று, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பிளக்கு" என்று ஒரே ஒரு சொல் சொல்லி நகர்ந்துவிடுவார். "உங்க கார் எப்பங்க ரோட்டுக்கு வரும்?" என்று கேட்டால் மட்டும் வானத்தைப் பார்ப்பார். "எல்லாம் முடிஞ்சிருச்சு. சின்னதா ஒரு வேலைதான் பாக்கி" என்பார். அந்தச் சின்ன வேலையின் சராசரி ஆயுள் ஒன்றரை வருடம்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருக்கும் அழகுமுத்து இந்த வகையில் முதல்தரம். அவருடைய மனைவி நாகலெட்சுமி தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். எட்டு வருடமாக இந்த வகையை அருகிலிருந்து பார்த்தவர் என்பதால், நாம் அவர் பக்கத்தில் நின்றே பார்ப்பது நியாயம்.

எட்டு வருடத்துக்கு முன், தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் பங்களாவில் பின்கொட்டிலை இடித்தபோது உள்ளே ஒரு மொரிஸ் மைனர் இருப்பது தெரியவந்தது. மேலே துணிக்கூரையை மடித்துவிட்டுத் திறந்தபடி ஓட்டும் சாதி. எந்தக் காலத்துத் தொரை விட்டுப்போனதோ, தெரியாது. உள்ளே நான்கு கோழிகள் குடியிருந்தன. "தூக்கிட்டுப் போறவன் எடுத்துக்கலாம்" என்றார் இப்போதைய தொரை. எட்டுப் பேர் தூக்கினார்கள். அழகுமுத்து எடுத்துக்கொண்டார்.

வருடத்தில் பாதி நாள் மழை, மீதியில் பாதி பனிமூட்டம் என்று வாழும் ஊரில் கூரை திறக்கிற கார் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாகலெட்சுமியும் கேட்டார். பதில் இன்றுவரை வரவில்லை.

கார் வந்து இறங்கிய இடம், குவாட்டர்ஸுக்குப் பக்கத்தில் நாகலெட்சுமி தன் மாலை வகுப்புக்காகப் போட்ட தகரக் கொட்டகை. லயத்து வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க, பெஞ்சு, கரும்பலகை, பல்பு எல்லாம் தயார் செய்து, வகுப்பு தொடங்க மூன்று நாள் இருக்கும்போது கார் உள்ளே போனது.

"ரெண்டே மாசம், லெட்சுமி. பெயின்ட் அடிச்சு வெளியில எடுத்துருவேன்."

வகுப்பு வராந்தாவில் தொடங்கியது. எட்டு வருடமும் அங்கேயே நடந்தது.

இதில் நாகலெட்சுமிக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் நின்றுவிட்டால் இதே மனிதர் ஒரு துண்டுப் பழைய டியூபும் கட்டுக்கம்பியும் வைத்து அரைமணி நேரத்தில் ஓடவைத்துவிடுவார். "அழகுமுத்து கை வச்சா இரும்பு பேசும்" என்பது தொழிற்சாலை முழுவதும் தெரிந்த பேச்சு. வீட்டுக்கு வந்தால் அதே கைக்கு ஒரிஜினல் வேண்டும். கதவுக் கைப்பிடியின் திருகாணி ஒன்று, காரோடு பிறந்ததாக, காரின் வயதுள்ளதாக, காரைப் போலவே துருப்பிடித்ததாக வேண்டும் என்று பதினான்கு மாதம் தேடினார். கண்டியில் கிடைத்தது. கொண்டுவந்து துருவைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி மாட்டினார். புதிதே வாங்கியிருக்கலாமே? இப்படிக் கேட்பவர்கள் இந்த வகையைச் சேர்ந்தவர்கள் அல்ல.

ஒரிஜினல் காய்ச்சல் தணிந்ததும் அடுத்த காய்ச்சல் வந்தது: அழகுபடுத்தல். டாஷ்போர்டுக்குப் பலாப்பலகை, சீட்டுக்கு மெரூன் ரெக்சின், ஸ்டியரிங்குக்குப் பின்னல் வேலை, போதாக்குறைக்குப் போன் சார்ஜர்.

"ஒரிஜினல் ஒரிஜினல்னு சொன்னீங்க. சார்ஜர் எங்கருந்து வந்திச்சு?"

"அந்தத் தொரைகிட்ட போன் இருந்திருந்தா அவரே வச்சிருப்பாருல்ல?"

ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகையில் சபை கூடும். ஓய்வுபெற்ற லொறி டிரைவர் மாயாண்டி முன்வரிசை. தபாற்கந்தோருக்கு மாற்றலாகி வந்த யாழ்ப்பாணத்துக்காரர் யோகேஸ்வரன் அடுத்தது. இன்னும் நான்கைந்து பேர். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் எஞ்சினைப் பார்ப்பார்கள். வெகுநேரம் பார்ப்பார்கள்.

"டைனமோதான் கோளாறு" என்பார் மாயாண்டி.

"இல்லை ஐசே, உது கார்பரேட்டர். கழட்டிப் பாக்காமல் ஒண்டும் சொல்லேலாது" என்பார் யோகேஸ்வரன்.

கழற்றுவார்கள். பிளேன்டீ வரும். குடித்துவிட்டுப் போவார்கள். கழற்றியது கழற்றியபடி கிடக்கும். தேநீர் போட்டது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

இந்த வருடம் மாசி மாதக் கடைசியில் நாகலெட்சுமியின் பொறுமை தீர்ந்தது. காலம் தப்பிய மழை ஒன்று சாய்வாக அடித்து, வராந்தாவிலிருந்த பதினொரு பிள்ளைகளின் கொப்பிகளையும் நனைத்துவிட்டது. நிரஞ்சன் என்ற பிள்ளை ஈரக் கொப்பியை விரித்தபடி, "டீச்சர், கணக்கெல்லாம் அழிஞ்சி போச்சி" என்று அழுதான். நாகலெட்சுமி அவனைச் சமாதானப்படுத்திவிட்டு நேரே கொட்டகைக்குப் போனார். காருக்கு அடியில் இரண்டு கால் தெரிந்தது. அந்தக் காலிடம் பேசினார்.

"சித்திரை வருசத்தன்னைக்கு இந்தக் கார்ல என்னைய ஏத்திக்கிட்டு டயகம கோயிலுக்குப் போயிட்டு வரணும். ஓடினா கொட்டகை உங்களுக்கு, நான் வேற எடம் பாத்துக்கிறேன். ஓடலன்னா வைகாசி மழைக்கு முந்தி காரு வெளிய, புள்ளைங்க உள்ள. சரிங்களா?"

கால் கொஞ்ச நேரம் யோசித்தது.

"சரி" என்றது.

அதன்பின் நடந்தது நாகலெட்சுமியே எதிர்பாராதது. ஞாயிற்றுச் சபை கலைக்கப்பட்டது. மாயாண்டி வாசல்வரை வந்து திரும்பிப் போனார். கழற்றிக் கிடந்தவை ஒவ்வொன்றாக உள்ளே போயின. தொழிற்சாலையின் அழகுமுத்து வீட்டுக்கு வந்துவிட்டார். கிடைக்காத சாமானுக்கு டியூப் துண்டு, கட்டுக்கம்பி. எட்டு வருட வேலை நான்கு வாரத்தில் முடிந்தது.

சித்திரை வருசத்தன்று காலையில், வெண்ணெய் நிறத்தில், கூரை மடித்த மொரிஸ் மைனர் முதல் முறுக்கிலேயே உயிர்பெற்றது. நாகலெட்சுமி பட்டுச்சேலையோடும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குடையோடும் ஏறினார். குடைக்கு வேலை வரவில்லை. அன்று பார்த்து வெயில்.

ஏற்றம், வளைவு, பாலம், மறுபடி ஏற்றம். கார் எங்கேயும் நிற்கவில்லை. லயத்து வாசல்களில் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்கள் நிமிர்ந்தார்கள். கோயிலுக்கு நடந்துகொண்டிருந்த ராக்காயி, "டீச்சரம்மா, படம் புடிக்கிறாங்களா? ஹீரோ யாருங்க?" என்று கத்தினார். நாகலெட்சுமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொண்டை அவிழ்ந்து முடி பறந்தது. இத்தனை வருடமாகப் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு துண்டாகப் பார்த்த மலை ஒரேயடியாகத் தலைக்கு மேல் விரிந்து கிடந்தது. கொட்டகை போனதுதான். அதுகூட அந்த நேரத்தில் அவ்வளவு வலிக்கவில்லை. "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அழகுமுத்து தலையைச் சாய்த்துக்கொண்டார். எஞ்சினைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடு திரும்பி, காரைக் கொட்டகையில் விட்டு, துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு கவலை.

அடுத்த பத்து நாளும் அந்த வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்வது? அழகுமுத்து காலை ஐந்து மணிக்கு எழுந்து கொட்டகைக்குப் போவார். ஒரு நிமிடத்தில் திரும்பி வருவார். கதவுத் தாழ்ப்பாளைத் திருத்தினார். கேட்காமலே பக்கத்து வீட்டுக் குழாயைத் திருத்தினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தையும் திருத்தினார், அது நின்றது. ஞாயிற்றுக்கிழமை மாயாண்டியும் யோகேஸ்வரனும் வந்து, ஓடுகிற எஞ்சினைப் பார்த்துவிட்டு, பேச எதுவும் கிடைக்காமல் பிளேன்டீகூடக் குடிக்காமல் போனார்கள். அழகுமுத்துவின் நகம் ஒரு கிளார்க்கின் நகம் போல வெளுத்துவிட்டது. சாப்பாடும் குறைந்தது.

"மேலுக்கு ஏதும் செய்யுதா?" என்று கேட்டார் நாகலெட்சுமி.

"ஒண்ணுமில்ல."

"கார்தான் ஓடுதே?"

"ஆமா" என்றார் அழகுமுத்து. "ஓடுது."

அதைச் சொன்ன குரலில் துக்கவீட்டுக்காரர்கள்தான் பேசுவார்கள்.

பதினோராம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நாகலெட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டார். கார் வெளியே, கொய்யாமரத்துக்குக் கீழே, தார்ப்பாய் போர்த்தி நின்றது. கொட்டகை கூட்டிக் கழுவப்பட்டிருந்தது. பெஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன. கரும்பலகை மாட்டப்பட்டிருந்தது. வராந்தாவில், பிள்ளைகள் உட்காரும் இடத்தில் சாக்கை விரித்து, அதன்மேல் எஞ்சினைப் போட்டு, அது நாற்பது துண்டாகக் கிடக்க, நடுவில் அழகுமுத்து இருந்தார். முழங்கைவரை கிரீஸ்.

"என்னாங்க இது?"

"பாலத்து ஏத்தத்துல ஒரு சத்தம் வந்திச்சு. ஒனக்குக் கேக்கல?"

நாகலெட்சுமிக்கு அன்று காற்றும் ராக்காயியின் குரலும் தவிர எதுவும் கேட்டதாக நினைவில்லை.

"ஓடாத காருக்குக் கொட்டகை இல்லன்னு பேசிக்கிட்டோம்" என்றார், மெதுவாக.

"அதான் வெளிய தள்ளிட்டேனே. பேச்சுன்னா பேச்சு" என்று சொல்லிவிட்டு, ஒரு வால்வைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பதினொரு நாளில் முதல் தடவையாக அந்த மனிதர் பசிக்கிறது என்றார்.

நாகலெட்சுமி நாற்பது துண்டையும் மிதிக்காமல் தாண்டினார். திட்டுவதற்கு நிறைய இருந்தது. அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போய் ரொட்டி சுட்டார்.

வைகாசி மழை சொன்னபடி வந்தது. பதினொரு பிள்ளைகளும் தகரத்துக்குக் கீழே காய்ந்த கொப்பியில் கணக்குச் செய்கிறார்கள். வராந்தாவில் சாரல் அழகுமுத்துவின் முதுகை நனைக்கிறது, அவர் கவனிக்கவில்லை. மாயாண்டி டைனமோ என்கிறார். யோகேஸ்வரன் மறுக்கிறார்.

சிரித்துவிட்டீர்கள். நல்லது. வேலையை முடிக்கத் தெரிந்தும் முடிக்காமல் வைத்திருப்பவர்கள் மலைநாட்டில் மட்டும்தான் உண்டு என்று நினைத்துத்தானே சிரித்தீர்கள்? உங்கள் வீட்டு மேல்மாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் தூண்கள், பாதி எழுதிய குடும்ப வரலாறு, உறையைக் கழற்றாத ஆர்மோனியம், இவையெல்லாம் வேறு விஷயம். அவற்றுக்குத் தக்க காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை நாங்கள் நம்புகிறோம். உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவரிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்லிப் பார்க்காதீர்கள்.